மழை பெய்தால் தூக்கம் இல்லை, ஜெபிக்கவும் வாய் வருவதில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், எங்கேயாவது பிசகினால் திருத்துங்கள். இலங்கை மலையகத்தில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை செய்கிறீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் உங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, மேலே மண் சரிந்து, அம்மாவும் தம்பியும் போய்விட்டார்கள். அம்மாவின் உடல் கிடைத்தது, தம்பியுடையது கிடைக்கவில்லை. வீட்டில் ஞானஸ்நானம் எடுத்தவர் நீங்கள் மட்டும்தான். அம்மா கடைசி வரை மாரியம்மனைக் கும்பிட்டவர். ஏழு மாதமாக ஜெபம் வரவில்லை, வேதத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது, மழைச் சத்தம் கேட்டால் விடியும் வரை உட்கார்ந்திருக்கிறீர்கள். சபையில் “தேவ சித்தம், அழாதே” என்கிறார்கள். விசுவாசம் போய்விட்டதா, ஜெபம் போதுமா, டொக்டரிடம் போக வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

ஆனால் நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு உடனே வேறு விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்: “ஒக்டோபரிலேயே அம்மாவைக் கொழும்புக்குக் கூப்பிட்டிருக்கலாம்.” மற்றக் கேள்வி எல்லாம் இந்த வரியில்தான் தொங்குகின்றன என்று எனக்குப் படுகிறது. கடவுள் உங்களை விட்டுவிட்டாரா என்று கேட்பதற்குள்ளே, நான் அவர்களை விட்டுவிட்டேனா என்ற கேள்வி இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நான் மலையகத்தில் பல வருடம் உளவளத்துணையாளராக, அதாவது கவுன்சலராக, வேலை செய்தவள், மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள். டொக்டரும் இல்லை, போதகரும் இல்லை. எழுத்தை மட்டும் வைத்து உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்ல என்னால் முடியாது, அப்படிச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம்.

உங்கள் அம்மா அந்தச் சரிவின் கீழே குடியிருந்தது உங்கள் முடிவு இல்லை, அவருடைய முடிவும் இல்லை. லயங்கள் வெள்ளைக்காரன் காலத்தில், கொழுந்து பறிக்கும் மலைக்கும் தேயிலை ஃபெக்டரிக்கும் ஆள் சீக்கிரம் போய்ச் சேர வசதியான இடமாகப் பார்த்துக் கட்டப்பட்டவை. அதில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இன்றைக்கும் அந்தக் காம்பராவுக்கு, அந்த ஓர் அறைக்கு, உறுதிப் பத்திரம் கிடையாது. காணி இல்லாத ஒருவர் மழைக்குப் பயந்து எங்கே போவார்? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதே, அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்து பார்த்தால் வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. மண்சரிவில் தப்பியவர்களோடு உட்கார்ந்தால் கேட்கிற பேச்சு அநேகமாக ஒன்றுதான்: நான் அங்கே இருந்திருந்தால், நான் முதல் நாளே சொல்லியிருந்தால். “என் தப்பு” என்று சொன்னால் இது தடுத்திருக்கக்கூடியது, உலகம் இன்னும் நம் கைக்குள்தான் இருக்கிறது என்று மனதுக்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஒன்றும் செய்ய முடியாத இடத்தில் நின்றோம் என்று ஒப்புக்கொள்வது அதைவிடக் கஷ்டம். அந்த வரி வரும்போதெல்லாம் உங்களையே கேட்டுப் பாருங்கள்: ஒக்டோபரில் எனக்கு என்ன தெரிந்திருந்தது? நவம்பரில் தெரிந்ததை ஒக்டோபரில் தெரிந்ததாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இதைத் தனியாக நினைக்காமல் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது முக்கியம். மனதுக்குள் இருக்கும்போது அது தீர்ப்பு மாதிரி நிற்கும், சத்தமாகச் சொன்னால் அதில் எத்தனை ஓட்டை என்று உங்களுக்கே கேட்கும்.

இயேசுவும் இப்படி ஒரு விபத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். லூக்கா 13இல், சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி அவரே எடுத்துச் சொல்லி, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்கிறார். “அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்” என்று அவரே பதிலும் சொல்கிறார். அடுத்த அரை வசனத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொல்கிறார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் செத்தவர்கள் மேல் பழி போட அவர் விடவில்லை. யாராவது உங்களிடம் இது தண்டனை, பரம்பரை சாபம் என்று வந்தால் இந்த இடத்தைத் திறந்து காட்டுங்கள். இதில் ஆராய்ச்சி சொல்வதும் ஓரளவு தெளிவாக இருக்கிறது: கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டார் என்ற எண்ணத்தோடு துக்கத்தைச் சுமக்கிறவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகவே காணப்படுகின்றன. எது எதற்குக் காரணம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம், என்றாலும் அந்த எண்ணத்தை ஊட்டுவது ஊழியம் இல்லை.

“தேவ சித்தம்” என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சாவு வீட்டில் சும்மா நிற்கத் தெரியாமல் கைக்குக் கிடைத்த வசனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். ஆனாலும் எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. வடிகானைத் துப்புரவு பண்ணாதவர், எச்சரிக்கையைத் தமிழில் அனுப்பாதவர், வீட்டுத் திட்டத்தை இழுத்தடித்தவர் எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் செய்த ஒரே நல்ல காரியம், ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும்தான் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டதும் அந்த விளக்கக்காரர்கள் மேல்தான், சண்டை போட்ட யோபுவின் மேல் இல்லை.

இனி ஜெபம். ஏழு மாதமாக ஜெபிக்க வரவில்லை என்பதை நீங்கள் விசுவாசம் போனதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் அப்படி எடுக்க மாட்டேன். சங்கீதங்கள் 150இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான், நாங்கள்தான் ஆராதனையில் அவற்றைத் தாண்டி 23க்கும் 91க்கும் போய்விடுகிறோம். 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு “ஆனாலும் உம்மைத் துதிப்பேன்” வரும். இதில் அதுவும் இல்லை. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர் என்று கடவுளிடமே குற்றம் சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. மண்சரிவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் ஒன்றில் தங்க வைக்கப்பட்டிருந்த பெண்களோடு இதை ஒரு சாயங்காலம் வாசித்தேன், விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. போஞ்சி ஆய்ந்துகொண்டிருந்த ஒரு வயசாளி அம்மா, கையை நிறுத்தாமலே, “இதெல்லாமா பைபிள்ல போட்டிருக்கு?” என்று கேட்டார். ஆமா பாட்டி என்றேன். “அப்ப இன்னொருக்கா வாசி” என்றார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அவர் அழுதார், பக்கத்தில் இருந்த மருமகளும் அழுதார். சம்பவம் நடந்து பத்து நாளாக அந்த மருமகள் அழவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பாட்டிமாருக்கு இது தெரிந்திருந்தது. ஒப்பாரியில் செத்தவரையும் திட்டுவார்கள், எமனையும் திட்டுவார்கள், கடவுளையும் விட மாட்டார்கள், சுற்றி இருப்பவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு கூட அழுவார்கள். ஞானஸ்நானம் எடுத்ததும் பல சபைகளில் முதலில் நிறுத்தியது அதைத்தான், விசுவாசிகள் அப்படி அழக்கூடாது என்று. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான். துக்கிக்கவே கூடாது என்று அவர் எழுதவில்லை. செத்துப்போன சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறேன் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். அதனால், உங்களுக்கு ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 88ஐச் சத்தமாக வாசியுங்கள், அதுவும் முடியாவிட்டால் நம்பகமான ஒருவரை உங்களுக்காக வாசிக்கச் சொல்லுங்கள். “உம் மேல் எனக்குக் கோபம்” என்று ஒரு வரி சொல்வதும் ஜெபம்தான்.

அப்புறம் உடம்பு. இதில் எனக்குத் தயக்கம் குறைவு. மழைச் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது, அந்தக் காட்சி கேட்காமலே கண்முன் வருவது, ஊர்ப் பக்கம் போகவே முடியாமல் இருப்பது, தூக்கம் இல்லாமல் போவது எல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நின்றால், அதைக் காயமாக எடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும். ஃபெக்டரிச் சங்கு ஒன்று நிற்காமல் ஊதிக்கொண்டே இருப்பது போல, ஆபத்து போன பிறகும் உடம்புக்குள் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்த முகாம்களில் பெரியவர்கள் செருப்பைக் கழற்றாமல் தூங்குவார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈபிஎஃப் (சேமலாப நிதி) காகிதம் எல்லாம் ஒரு சிலிசிலி பொலித்தீன் பையில் கட்டித் தலைமாட்டில் இருக்கும். பிரஜாவுரிமைக்காக வருடக்கணக்கில் அலைந்த சனம், காகிதத்தை விடாது. ஆபத்து உள்ள இடத்தில் அது புத்தி. கொழும்பில் கொங்கிரீட் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நீங்கள் அதையே செய்துகொண்டிருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல விடாதீர்கள், பிசாசு என்று சொல்லவும் விடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆள்துணையும் நாளும் கூடக் கூட இது தானாகவே தணியும், மருந்து தேவைப்படாது. ஏழு மாதம் ஆகியும் தணியாதவர்களுக்கு நல்ல பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. நடந்ததைப் பாதுகாப்பான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, உங்கள் வேகத்தில் சொல்லிப் பழகுவதுதான் அதன் அடிப்படை. சிலருக்குக் கூடவே மாத்திரையும் கொடுப்பார்கள். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக பார்மசியில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம், பழகிவிடும், இந்தப் பயத்துக்கு அது வைத்தியமும் இல்லை.

துக்கம் எப்போது நோயாகிறது என்பதில் மட்டும் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல், அன்றாட வாழ்க்கையை முடக்கும் கடும் துக்கம் 6 மாதத்துக்கு மேல் நின்றால் கவனிக்கச் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இரண்டும் அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்கின்றன. ஆகவே நாள் கணக்கை விடுங்கள். சாப்பிடுகிறீர்களா, வேலைக்குப் போக முடிகிறதா, யாரோடாவது பேசுகிறீர்களா, செத்துப் போனால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா, இவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம், தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முதல் வசனத்திலேயே கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக் இலவசம். ஊருக்குப் போனால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரிக்கலாம்.

ஜெபமா டொக்டரா என்று நீங்கள் கேட்டதற்கு எலியா தீர்க்கதரிசியின் கதைதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட மனுஷனுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கடவுளின் மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகு, பல நாள் நடந்த பிறகுதான். ஜெபம் தன்னளவில் மனவடுவைச் சீக்கிரம் ஆற்றுகிறதா என்பதற்கு உறுதியான பதில் ஆராய்ச்சியில் இல்லை, முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. சபை மூலமாக வரும் ஆள்துணை, சாப்பாடு, வாரா வாரம் போய் உட்கார ஓர் இடம், கூடப் பாட நாலு குரல், இவை உதவுகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு விசுவாசியாக நான் நம்புவது இதைவிட அதிகம், ஆனால் அது என் நம்பிக்கை, அதை மருத்துவ உண்மை மாதிரி உங்களிடம் விற்க மாட்டேன்.

சபையில் சிலவற்றுக்கு இப்போதைக்கு மாட்டேன் என்று சொல்லுங்கள். முதலாவது, மேடையில் ஏறிச் சாட்சி சொல்வது. “கர்த்தர் என்னை மட்டும் காப்பாற்றினார்” என்று மைக்கில் சொல்ல வைத்தால், அம்மாவை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வியோடுதான் நீங்கள் கீழே இறங்குவீர்கள், அதற்குப் பதில் சொல்ல அன்றைக்கு அங்கே ஆள் இருக்காது. விருப்பம் இல்லாத ஒருவரைச் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது நல்லது செய்யாது, சிலருக்குக் கெடுதலும் செய்யும். இரண்டாவது, முழு இரவு ஜெபமும் உபவாசமும். தூக்கம் கெட்ட உடம்பு அதைத் தாங்காது. மூன்றாவது, டொக்டர் கொடுத்த மாத்திரையை விசுவாசத்தில் நிறுத்து என்பவர். அவரிடம் வாதாடவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். ஒரு சபை முழுக்க இப்படித்தான் என்றால் சில மாதம் வேறு இடத்தில் போய்ப் பின்வரிசை வாங்கில் உட்காருங்கள். சபை மாறுவது கர்த்தரை விடுவது ஆகாது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். “அம்மா இரட்சிக்கப்பட்டவங்களா?” என்று அடக்கம் முடிந்த கையோடு ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. மலையகத்தில் ஒரே காம்பராவுக்குள் திருநீறும் சிலுவையும் சேர்ந்தே இருக்கும், இது உங்கள் ஒருவருடைய பிரச்சினை இல்லை. இதில் சபைகள் ஒரே மாதிரிச் சொல்வதில்லை என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபை 1964இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றம் இல்லாமல் நற்செய்தியை அறியாதவர்களும் நேர்மையான மனதோடு கடவுளைத் தேடினால் மீட்படையலாம் என்று எழுதி வைத்தது. பல பெந்தெகொஸ்தே சபைகள் அதை ஏற்றுக்கொள்ளாது. என்னைக் கேட்டால், ஆபிரகாம் கடவுளிடமே கேட்ட கேள்வியோடு நின்றுகொள்வேன்: “சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?” அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல அந்த மனுஷருக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை. அப்பன் தாவீது ராஜாவுக்கு எதிராகப் படை திரட்டிச் செத்தவன் அப்சலோம். அவனுக்காகத் தாவீது, உனக்குப் பதிலாக நான் செத்திருந்தால் நலமாயிருக்கும் என்று மேல்வீட்டில் ஏறி அழுதான். அவனுடைய ஆத்துமா எங்கே போனது என்று யாரும் அவனிடம் கேட்டதாக வேதத்தில் இல்லை. பதினாறாம் நாள் கருமாதியில் சித்தியோடு போய் நின்றது பாவமா என்று கேட்டீர்கள். உங்கள் அம்மாவுக்குச் செய்த மரியாதை அது, உறவுகளோடு சேர்ந்து அழக் கிடைத்த இடமும் அதுதான். பூசையில் எதுவரை கலந்துகொள்வது என்பது உங்கள் மனச்சாட்சிக்கு உரியது.

தம்பியின் உடல் கிடைக்காதது தனி வேதனை. பஸ்ஸில் பின்னால் இருந்து பார்த்தால் அவன் மாதிரி இருக்கிறது, தெரியாத நம்பரில் போன் வந்தால் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உடல் கிடைக்காத வீடுகளில் இது சாதாரணம், புத்தி பேதலித்ததாகப் பயப்பட வேண்டாம். செத்துவிட்டான் என்று இன்ன தேதிக்குள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களை நெருக்கக்கூடாது. ஆனால் உடல் இல்லாமலும் நினைவு ஆராதனை நடத்தலாம், போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டால் செய்வார்கள். அவனுடைய படம், சட்டை, கிரிக்கெட் பெட் எது மிஞ்சியிருக்கிறதோ அதை வைத்து, பெயரைச் சொல்லி, அவனைத் தெரிந்தவர்களை இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். சடங்கு நடக்காத சாவு ஆளை விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நம்பிக்கை எப்போது திரும்பி வரும் என்று கேட்டீர்கள். தேதி சொல்ல முடியாது. உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது, அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் சந்தேகப்பட்ட சீஷன் தோமாவைக் கூப்பிட்டார். அதனால் பழையபடி ஆகிவிடுவீர்கள் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. நான் பார்த்த வரையில் அது சின்ன விஷயமாகத்தான் வரும். ஒரு நாள் பசி எடுக்கும், அம்மா திட்டிய ஒரு பேச்சு ஞாபகம் வந்து சிரிப்பு வரும், சிரித்ததற்காக உடனே குற்றவுணர்வும் வரும், அடுத்த தடவை அது கொஞ்சம் குறையும். சிலருக்கு அது கோபமாகவும் வரும்: காணி உறுதி கேட்டு மற்றவர்களோடு கையெழுத்து வாங்கப் போவார்கள், அந்த அலைச்சலில் தூக்கம் வரும்.

கடைசியாக மழை. பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் ஒக்டோபர், நவம்பர்தான் மழை கூடும், அதற்கு முன்பே ஆயத்தப்படுங்கள். சித்தி இன்னும் சரிவில்தான் இருக்கிறார் என்பதால் உங்கள் பயம் முழுக்க வெறும் பயமும் இல்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் பொதுவான அளவு. மழை குறைவாக இருந்தாலும் சுவரில் புது வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, மரம் சாய்வது தெரிந்தால் அளவு பார்க்காமல் இறங்கிவிட வேண்டும். சித்தியோடு இப்போதே பேசி, எந்த இடத்துக்குப் போவது, யார் போன் எடுப்பது என்று முடிவு செய்து வையுங்கள். ராத்திரி மழையில் பதறும்போது பார்க்க ஒரு விஷயம் கையில் இருந்தால் மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். நவம்பர் கடைசி வாரத்துக்கு இன்றைக்கே லீவு எழுதிக் கொடுங்கள், அந்த நாட்களில் போர்டிங் அறையில் தனியாக இருக்க வேண்டாம். கிளினிக் போய் வந்ததும் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். தமிழ் தெரிந்த ஆள் அங்கே கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், வேறு இடம் விசாரித்துச் சொல்கிறேன்.